பாக்கெட்டுக்குள் ஒரு மஞ்சள் பொட்டு

அத்தியாயம் 9

சட்டையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. ஆஸ்பத்திரியின் மருந்து வாடையையும் அமுக்கிக்கொண்டு வந்தது.

"இது எம்பிள்ள சட்டை இல்ல அண்ணாச்சி," என்றாள் ஜெயலீலா. "அவன் முழுக்கை சட்டையே போட மாட்டான். சர்ச்சுக்கு வாறதுக்கே டீ-ஷர்ட்டுதான்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த அந்தக் காத்திருப்பு அறையில், துப்பறியும் சுப்பையன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஏற்றிவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் துப்பறிகிற மனிதன் அப்படித்தான் பார்ப்பான் என்று எப்போதோ மனசில் பதிந்துபோன பழக்கம். ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் பகுதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் அவர் ஆபீஸ். வாசல் பலகையில் 'சாம் சுப்பையன், இன்வெஸ்டிகேஷன்ஸ்' என்று எழுதியிருக்கும். சாம் எங்கே என்று யாராவது கேட்டால் உதவியாளர் ராமாத்தாள், "அவரு இன்னும் வரலீங்க, சுப்பையன் இருக்காரு, பரவால்லீங்களா?" என்பாள். சுப்பையனும் ராமாத்தாளும் ஒரே இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஒரே நாளில் வேலை போனவர்கள். அவர் கோபிச்செட்டிபாளையத்தைப் பார்த்ததில்லை. அவள் அந்த ஊரை விட்டு இருபது வருஷம் ஆகியும் அந்தப் பேச்சை விடவில்லை.

ஜெயலீலாவின் ஒரே மகன் ஆட்ரியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். கல்லூரியில் முதல் வருஷம். கிரேக்க எழுத்து மூன்றைப் பெயராக வைத்துக்கொண்ட ஒரு மாணவர் சகோதர சங்கத்தில் சேர ஆசைப்பட்டான். அந்தச் சங்கத்தில் சேரும் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் ஒரு மூத்த மாணவன் 'பிக் பிரதர்'. தம்பியின் ஆயுள் முழுக்க அண்ணன் பொறுப்பு. அதைத் தொடங்கி வைக்க ஒரு சடங்கு: அண்ணன் ஒரு பாட்டிலைக் கொடுப்பான், தம்பி மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும். ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்பதை ஆயுளில் கைவைத்துத் தொடங்குகிற ஏற்பாடு.

போன வெள்ளிக்கிழமை அந்தச் சடங்கு நடந்தது. அன்றே ஆட்ரியனை யாரோ இந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்ஸி வாசலில், ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காவலாளி பார்த்தது ஒரு காரின் பின்விளக்கை மட்டும். சங்கத்துப் பையன்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அவனாகக் குடித்தான், அவனாகப் போனான். கல்லூரியும் அதை நம்புவதற்குத் தயாராக இருந்தது. ஆட்ரியன் எழுந்து வந்தாலும் ஸ்காலர்ஷிப் இருக்காது. எழுந்து வருவானா என்பது வேறு கேள்வி. கண் திறக்கிறான், அம்மாவைத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம்தான் சுப்பையனை உறுத்தியது. சங்கத்து வீடு இங்கிருந்து பத்து நிமிஷம். ராத்திரி எட்டு மணி டி.வி. தொடர் ஆரம்பிக்கும்போது பையனைக் காரில் ஏற்றியதை எதிர்வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறாள். இங்கே வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய ஒன்பதரை. நடுவில் கார் எங்கே போயிற்று?

"சங்கத்து டீ-ஷர்ட் போட்டுக்கிட்டுத்தான் போனான்," என்றாள் ஜெயலீலா. "வரும்போது இது. போலீஸ்ட்ட சொன்னேன். காலேஜ் பையங்க சட்டைய மாத்திக்குவாங்க மேடம்னுட்டு போய்ட்டாங்க. ஆனா அண்ணாச்சி, பட்டன் எல்லாத்தையும் கழுத்துவரைக்கும் போட்டிருந்துச்சு. குளிரும்னு நெனச்சிருக்கா. யாரோ ஒரு பொம்பளதான். அவ யாரா இருந்தாலும் நான் ராத்திரி பகலா அவளுக்கு ஜெபம் பண்ணிட்டிருக்கேன். பேர் சொல்லாம ஏன் போனாங்கங்கறது மட்டும் எனக்குத் தெரியணும்."

சுப்பையனை அனுப்பியது யார் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். உங்கள் நலம் விரும்பும் ஒருவர் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த நலம் விரும்பிக்கும் சேர்த்து ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

ராமாத்தாள் சட்டைப் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்பினாள். உள்ளே, தையலோரத்தில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

"அதையும் போலீஸ் பாத்தாங்க. ஹாட் டாக் தின்னப்போ பட்ட கடுகுச் சாறுன்னாங்க," என்றாள் ஜெயலீலா.

"பாக்கெட்டுக்கு உள்ளாற கைய விட்டா திம்பாங்க?" என்றாள் ராமாத்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்கூட்ல புதுத்துணிக்கு மஞ்ச வெப்பீங்களா அம்மணி?" என்று கேட்டாள்.

அவர்கள் வீட்டில் புதுத்துணி என்றால் ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். மஞ்சள் கிடையாது.

சுப்பையன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இப்போது பொட்டு நன்றாகத் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

*

ஃப்ரீவே என்றால் சுப்பையனுக்கு நெஞ்சு படபடக்கும். ஆகவே ராமாத்தாள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்தார்.

"மஞ்ச வெக்கிற பொம்பள ஹூஸ்டன்ல ஆயிரம் பேர் இருப்பாங்க," என்றார்.

"இருப்பாங்க. பையனோட பிக் பிரதருக்கு அம்மாவா இருக்கறது ஒருத்திதானுங்களே."

சுப்பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்ரியனின் பிக் பிரதர் மதன். மதனின் அப்பா டாக்டர் ராமசுப்ரமணியன். இந்த வழக்கைக் கொடுத்ததே அவர்தான். மதன் அன்று சாயங்காலமே புறநகரான கேட்டிக்கு வந்துவிட்டான், வீட்டில்தான் இருந்தான், அவன் மேல் பழி வராமல் எந்தப் பயல் கொண்டுபோய் விட்டான் என்று கண்டுபிடி என்று ஆணையிட்டிருந்தார். டாக்டரின் விசிட்டிங் கார்டில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் இரண்டு வரி, பதவிகள் மூன்று வரி. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் 'சகோதரத்துவம்' என்ற தலைப்பில் அவர் ஆற்றிய உரை, பொங்கல் ஆறி, திரும்பச் சூடுபண்ணி, மறுபடியும் ஆறும்வரை நடந்தது. அமெரிக்கக் கல்லூரிச் சங்கங்கள்தான் நம் குருகுலங்களின் மறுபிறவி என்று அதில் நிறுவியிருந்தார்.

ஆனால் சுப்பையனுக்கு அவர் ராமு. திருச்சியில் பி.யூ.சி. படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை. டைபாய்டு வந்து சுப்பையன் சுருண்டு கிடந்தபோது, வார்டன் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றபோது, ராமு அவரை முதுகில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிவரை நடந்தான். நீ யார் என்று கம்பவுண்டர் கேட்டதற்கு, "ராமசுப்ரமணியன். இவனோட அண்ணன்," என்று கட்டடமே கேட்கச் சொன்னான். உண்மையில் அவன் சுப்பையனைவிட இரண்டு மாதம் சின்னவன்.

அந்த முதுகின் வியர்வை நாற்றம் சுப்பையனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. பாக்கெட் விஷயத்தைப் பார்க்காததுபோல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அதை அவர் ராமாத்தாளிடம் சொல்லவில்லை.

"யோசிங்க, யோசிங்க," என்றாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முடிஞ்சதும் சொல்லுங்க. எங்கூட்ல காலருக்கு உள்ளாற வெப்போம். எங்க நாத்தனார் ஊட்ல கீழ் மடிப்புல. பாக்கெட்டுக்கு உள்ளாற வெக்கிறவங்கள நான் பாத்ததில்லீங்க. கேட்டிக்குப் போறதுக்கு முன்னால நம்ம கீழ்க்கடையில ஒரு சட்டை எடுத்துக்கலாம். மதன் தம்பிக்குப் பொறந்த நாளு வருதுன்னு சொல்லிக்கலாம்."

"எப்ப வருது?"

"எல்லாருக்கும் வருசத்துல ஒருக்கா வருமுங்க."

*

டாக்டரின் மனைவி காமாக்ஷி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் அவள் முகம் பாதியாகியிருந்தது. டாக்டர் இப்போது வந்துவிடுவார், மதன் மேலே படித்துக்கொண்டிருக்கிறான், காபி கலக்கிறேன் என்றாள். வரவேற்பறையின் ஒரு சுவர் முழுக்கக் கேடயங்கள். சாமி படத்துக்கு மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

ராமாத்தாள் சட்டைப் பெட்டியை நீட்டினாள். "தம்பிக்குங்க. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு."

காமாக்ஷிக்கு முகம் மலர்ந்தது. எதுக்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். சமையலறைக்குள் போய்ச் சொட்டுத் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்தாள். திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் காலரைப் புரட்டவில்லை, கீழ் மடிப்பைத் தேடவில்லை. இடது கையால் பாக்கெட்டை விரித்து, வலது கட்டைவிரலை உள்ளே விட்டு ஒற்றி எடுத்தாள். வெளியே கறை தெரியாமல் இருப்பதற்காக எங்கள் மாமியார் சொல்லிக்கொடுத்தது என்று அங்கிருந்தே சொன்னாள்.

ஒரு பெண் தன் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று செய்கிற காரியம் அது. அதைப் பொறியாக வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார் சுப்பையன். ஜெயித்துவிட்டார். எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

ராமாத்தாள் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, ஜெயலீலாவிடம் வாங்கிவந்திருந்த சட்டையை மேஜைமேல் வைத்து, பாக்கெட்டைத் திருப்பினாள்.

காபித் தட்டோடு வந்த காமாக்ஷி அதைப் பார்த்தாள். தட்டைக் கீழே போடவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மேஜையில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. மதன் அன்று பயந்துபோய் ஆட்ரியனைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். சங்கத்துப் பையன்கள் ஆஸ்பத்திரி கூடாது என்றார்களாம். டீ-ஷர்ட் முழுக்க வாந்தி. காமாக்ஷி அதைக் கழற்றி, துடைத்து, தீபாவளிக்கென்று பெட்டியில் வைத்திருந்த புதுச் சட்டையை மாட்டிவிட்டாள். அந்த அவசரத்திலும் மஞ்சள் வைக்காமல் போட அவளுக்கு மனசு வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, ஒன்றும் ஆகிவிடக்கூடாதே. மதன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனபோது வழி முழுக்க அவன் தலை அவள் மடியில்தான் இருந்தது.

"டாக்டருக்குத் தெரியாம செஞ்சுட்டீங்க," என்றார் சுப்பையன். அவர் குரலில் ஆசுவாசம் இருந்தது. ராமுவிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அதற்குள் வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டார்.

மாடிப்படியிலிருந்து மதன்தான் பதில் சொன்னான். எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை.

"அங்கிள், டாட்தான் பல்ஸ் பாத்தாரு."

*

டாக்டர் ராமசுப்ரமணியன் வந்தபோது அவர் வரவேற்பறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் சட்டை. அவர் முதலில் செய்தது, சுப்பையனைத் தன் படிப்பறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தியதுதான். ராமாத்தாள் கதவைத் திறந்து உள்ளே வந்து, மறுபடி சாத்திவிட்டு நின்றுகொண்டாள்.

டாக்டர் விளக்கினார். அவர் விளக்கினால் எதுவும் நியாயமாகத்தான் இருக்கும். பையனைப் பரிசோதித்தேன், மூச்சு இருந்தது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மருத்துவனாக என் கடமையைச் செய்தேன். மதன் அடுத்த வருஷம் மெடிக்கல் காலேஜ் அப்ளை பண்ணப் போகிறவன். ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி போதும்.

"கேட்டியிலயே ஆஸ்பத்திரி இருக்குதுங்களே," என்றாள் ராமாத்தாள். "அஞ்சு நிமிசம்."

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. சுப்பையனைப் பார்த்தார்.

"அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்டா சுப்பு."

அவ்வளவுதான். காணாமல் போன அந்த ஒரு மணி நேரம் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. சாகக் கிடக்கும் பையனை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுவந்து, டாக்டரைத் தெரிந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி, டாக்டரைத் தெரியாத ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சுப்பையனுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. துப்பறிகிறவனுக்கு அது கௌரவப் பிரச்சினை. "அப்புறம் எதுக்குடா என்னைக் கூப்பிட்டே?"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். முதல் முறையாக அவர் வயசு தெரிந்தது. "போலீஸ் விட்டுட்டான். ஆனா நம்மாள் எவனாவது அந்தச் சட்டையைப் பாத்தா கண்டுபிடிச்சுடுவானோன்னு காமாக்ஷி அழுதுண்டே இருந்தா. நீ பாத்து ஒண்ணும் கிடைக்கலேன்னா, நிம்மதியாத் தூங்கலாம்னு."

"கிடைச்சா?"

"கிடைச்சாலும் நீதானே. நம்ம ஹாஸ்டல்."

ஆக, துப்புக் கிடைக்காத முட்டாள். இல்லையென்றால், கிடைத்தும் வாயைத் திறக்காத சகோதரன். ஹூஸ்டனில் இந்த இரண்டு தகுதியும் ஒருங்கே அமைந்தவர் யார் என்று தேடி, சிறந்த மருத்துவர் ஒருவர் சுப்பையனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ராமாத்தாள் இதற்கு ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அங்கேயும் மாட்டியிருந்த கேடயம் ஒன்றைப் படிப்பதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. காரில் அவர் யோசித்த அந்த ஒரு நிமிஷத்தை அவள் பார்த்திருக்கிறாள். ராமுவின் கணக்கு அப்படி ஒன்றும் தப்பில்லை.

"உன்னை நான் முதுகுல தூக்கிண்டு போனேன்," என்றார் டாக்டர் மெதுவாக. அதை அவர் முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

"ஆமாம்டா. அதனாலதான் இன்னிக்கு இருக்கேன்," என்றார் சுப்பையன். "வார்டன் ஒதுங்கிட்டான். நீ தூக்கினே. கம்பவுண்டர் யாருன்னு கேட்டான். நீ பேர் சொன்னே. நான் அரை மயக்கத்துல கேட்டேன். நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சு. அந்தப் பையனுக்கும் காது கேட்டிருக்கும் ராமு. யாராவது ஒருத்தர் தன் பேரைச் சொல்லுவாங்கன்னு படுத்திருந்திருப்பான்."

டாக்டர் மேஜைமேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். சுப்பையன் விடவில்லை.

"நான் உன்னைக் காட்டிக்கொடுக்கப்போறதில்லை. தூக்கிண்டு போகத்தான் வந்திருக்கேன். எந்திரி. நான் போய்ச் சொன்னா அது துப்பு. நீ வந்து சொன்னா மனுஷத்தனம். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு நடக்கும்."

கதவுக்கு வெளியே காமாக்ஷி செருப்பு மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் யாரையும் கேட்கவில்லை.

*

ஐந்து பேரும் ஒரே காரில் போனார்கள். சுப்பையன் இல்லாத பிரேக்கை மிதிக்க மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு பருத்த அமெரிக்கப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. டாக்டர் வழக்கப்படி விசிட்டிங் கார்டை எடுத்தார். எடுத்தவர், அதிலிருந்த ஆறு வரிகளையும் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

"பெயர்?" என்று கேட்டாள்.

சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், எழுத்து எழுத்தாகச் சொன்னால் நல்லது என்றாள்.

காத்திருப்பு அறையின் கோடியில் ஜெயலீலா நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். மேடைகளில் மாலையோடு ஒலித்த பெயர். அது இவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பாதியில் எழுத்தைத் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண்மணி அவசரமில்லை என்று பொறுமையாகக் காத்திருந்தாள். சுப்பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ராமாத்தாள் பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெயர் ஏறியது. நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

மதன்தான் முன்னால் வந்து, கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னான்: நான் அவனுடைய பிக் பிரதர்.

அந்தப் பெண்மணிக்கு அந்தச் சங்கமும் தெரியாது, சடங்கும் தெரியாது. சொந்த அண்ணன் என்றே எடுத்துக்கொண்டாள். மேஜைமேல் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ பாவம், கண்ணு," என்றாள் தன் மொழியில். "இத்தனை நாளா உன்னை எங்கே காணோம்? உன் தம்பி கதவையே பாத்துட்டிருக்கான்."

மதன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அறைக்கோடியில் ஜெயலீலா நாற்காலியை விட்டு எழுந்தாள். காமாக்ஷி அவளை நோக்கி நடந்தாள்.